விரித்துக் கிடந்த துணி

பாராகிளைடரில் பறப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வழியில் எங்காவது இறங்க நேர்ந்தால் சிறகுத் துணியை உடனே சுருட்டிவிட வேண்டும். சுருட்டினால் ஆள் நலம். விரித்தபடியே கிடந்தால், மேலே பறப்பவர்கள் அதை உதவிக்கான அழைப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் பீர் கிராமத்துக்கு விடுமுறையில் வந்திருந்த நண்பர்கள் நால்வர், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பில்லிங்கிலிருந்து கிளம்பி, தௌலாதார் மலையை ஒட்டி மேற்கே தரம்சாலா பக்கம் பறந்தார்கள். ஒருவருக்கு மட்டும் மேலே தூக்கும் வெப்பக் காற்றான தெர்மல் வாய்க்கவில்லை. பக்கவாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கிவிட்டார். வாக்கி டாக்கியில் பதில் இல்லை. முகடு குறுக்கே நின்றால் அலை எட்டாதுதான். இருவர் முன்னே போய்விட்டார்கள். கடைசியாக வந்த சென்னைக்காரர் மட்டும் வட்டமடித்தபடி கீழே பார்த்தார். சரிவில் ஆரஞ்சுத் துணி விரிந்து கிடந்தது.

பாறுக் கழுகுகள் அதே காற்றில் அவரைக் கடந்து மேலேறிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு ஏற்றம் எல்லா நாளும் கிடைக்காது. அதை விட்டுவிட்டு அவர் இறங்கினார்.

நண்பருக்கு ஒரு கீறலும் இல்லை. முட்புதரில் மாட்டிய நூல்களை அறுபடாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்ட குரலில் நன்றியைவிடச் சங்கடமே கூடுதலாக இருந்தது.

அந்தத் துணியின் நினைவு சென்னைக்காரரை விடவில்லை. எவ்வளவு நேரம் விரிந்து கிடந்தால் அது அழைப்பு? ஒரு நிமிடமா, பத்து நிமிடமா?

அவர் சிறுவனாக இருந்தபோது, எதிர்வீட்டு வாசலில் விடிந்தும் கோலம் விழவில்லையென்றால் பாட்டி போய்க் கதவைத் தட்டிவிடுவாள். பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாள் அசந்து தூங்கியிருப்பார். எதிர்வீட்டில் அதற்காக முகம் சுளித்ததும் உண்டு. பாட்டி அதைப் பொருட்படுத்தியதில்லை.

எப்போதோ படித்ததும் நினைவுக்கு வந்தது. 1930 ஜூனில் ஆண்டீஸ் மலையில் விமானி கியோமே பனிப்புயலில் சிக்கித் தரையிறங்கினார். 'குட்டி இளவரசன்' எழுதிய செந்த்-எக்சுபெரி நாள்கணக்கில் விமானத்தில் அவரைத் தேடினார். தலைக்கு மேலே போன விமானத்தைக் கியோமே பார்த்தார்; எக்சுபெரியின் கண்ணுக்கு அவர் படவேயில்லை. கடைசியில் பனியில் நடந்தே பிழைத்தார் கியோமே. மேலிருந்து பார்ப்பது எவ்வளவு குறைவாகப் பார்ப்பது!

ஆனால் இறங்காமல் முன்னே போன இருவரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. உயரத்தில் இருப்பவருக்குத்தான் அலை எட்டும். இடத்தைச் சரியாகச் சொல்லி ஆள் அனுப்பச் செய்யலாம். கரடுமுரடான சரிவில் அவசரமாக இறங்குபவர், மீட்கப்பட வேண்டிய இரண்டாவது ஆளாகிவிடக்கூடும். இது அனுபவசாலிகள் சொல்லும் எச்சரிக்கை. அடிபட்டவருக்கு உதவ இறங்கும் வீரர் அதனால் புள்ளிகளில் பின்தங்கக்கூடாது என்று போட்டி விதிகள் சொல்கின்றன. விடுமுறையில் அப்படிக் கணக்கு வைக்க யாருமில்லை.

வந்து பார்க்க ஆள் இல்லையென்றால் துணியைச் சுருட்டும் அந்த வழக்கமே செத்துவிடும் என்று சென்னைக்காரருக்குத் தோன்றுகிறது. நியாயம்தான். ஆனால் அன்று அருகிலேயே இறங்க நல்ல புல்வெளி இருந்தது. அதுவும் முட்களும் பாறைகளுமாக இருந்திருந்தால்? இறங்கியது நண்பருக்காகவா, தெரியாமல் பறந்து போவதைத் தன்னால் தாங்க முடியாததாலா? இரண்டையும் அவரால் இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த அக்டோபருக்கு நால்வரும் மறுபடி திட்டமிடுகிறார்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற பேச்சை எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார், என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.