சொல் இழந்த நாவும் அறிவு இழவா உயிரும்



வர்த்தமான மகாவீரர் கேவலஞானம் எய்திய பின்னும் 66 நாள்கள் திவ்யத்தொனி எழவில்லை என்பது நம் மரபு. முற்றுணர்ந்த அறிவு நிறைந்திருந்தது, சமவசரணமும் அமைந்திருந்தது. எனினும், கேட்டு உணரவல்ல இந்திரபூதி கௌதமர் வந்தடைந்த பின்னரே இராசகிருகத்து விபுலாசலத்தில் அத்தொனி எழுந்தது. அறிவு வேறு, சொல் வேறு என்பதும், சொல் வெளிப்படக் கேட்போரும் வேண்டும் என்பதும் இதனால் நாம் பெறும் இரு பாடங்கள். பகவானது மௌனத்தையும் நோயுற்றோரின் பேச்சிழப்பையும் ஒன்றெனக் கருதுதல் தகாது. ஆயினும், பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியோர் உள்ள இல்லத்தார் இவ்விரு பாடங்களையும் மறத்தலாகாது.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் நேர்கிறது. பெரும்பாலோர்க்கு மொழித்திறன் மூளையின் இடப்பாகத்தைச் சார்ந்தது. 1861-இல் பாரிசு நகர மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்னும் ஓரசையன்றி வேறு கூறமாட்டாத நோயாளி ஒருவர் இறந்தபின், அவர் மூளையின் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். அந்நோயாளி பிறர் கூறுவதைப் பெரிதும் புரிந்துகொண்டிருந்தார். 1874-இல் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, தடையின்றிப் பேசியும் பேச்சில் பொருள் அமையாது, பிறர் சொல்லும் விளங்காது வருந்துவோரின் நிலையை விளக்கினார். இத்தகைய மொழியிழப்பினை 'அபேசியா' என்பர். நாவும் உதடும் தளர்ந்து சொல் குழறுவது பிறிதொன்று. அவர்க்கு மொழி உள்ளே குறையாது இருக்கும்.

நம் தத்துவம் உயிரின் இலக்கணமாகக் கூறுவது அறிதலையும் காண்டலையுமே. உடலையும் வாக்கையும் புத்கலத்தின் உதவியாகவே கொள்கிறது. கருவி பழுதுற்றதனால் கருவியைக் கொண்டோன் இல்லை என்று ஆகிவிடுமோ? கட்டிலருகே நின்று, "இவருக்கு இனி ஒன்றும் தெரியாது" என்று உறவினரிடம் கூறுகிறோம். மறுமொழி கூற இயலாதவர் செவியில் அச்சொல் விழுமாயின், அது வாக்கினால் செய்யும் இம்சையே ஆகும்.

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாடம் ஒன்று இங்குப் பயன்படும். வினாவை எழுப்பியபின் விடைக்குக் காத்திருக்க வேண்டும். எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, சிறு தொடர்களால் ஒரு நேரத்தில் ஒன்றையே கேட்போம். 'ஆம், இல்லை' என்று தலையசைத்தோ படத்தைச் சுட்டியோ விடையளிக்கச் செய்வோம். சொல்லை அவர் தேடும்போது நாம் முந்திக்கொண்டு முடித்துவிடலாகாது. வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவைப்போம். பேச்சுப் பயிற்சியாளரை விரைவில் நாடுவோம். திங்கள்கள் கழிந்தும், ஆண்டுகள் கழிந்தும் முன்னேற்றம் காண்போர் உண்டு.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. 'தண்ணீர்' என்னும் சொல்லைச் சொல்ல இயலாத முதியவர், நாம் பஞ்சநமஸ்காரம் தொடங்கினால் உடன் ஓதுதல் கூடும். பலகால் ஓதிப் பழகிய தொடரும், பாட்டும், எண் வரிசையும் புதிதாகச் சொல் அமைக்கும் திறன் குன்றிய பின்னும் எஞ்சி நிற்பதுண்டு. "மந்திரம் வருகிறது, பேச்சு மட்டும் வராதோ?" என்று சினத்தல் பேதைமை. அவரோடு சேர்ந்து ஓதுதலே அறம்.

நாவின் மற்றொரு தொழில் உண்டி. பக்கவாதம் வந்த முதல் நாள்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு விழுங்குதல் பழுதுறுகிறது. உணவும் நீரும் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலில் அழற்சி உண்டாகும். சிலர்க்கு இருமலும் எழாமலே அவ்வாறு இறங்கிவிடும். ஆதலால், விழுங்கும் திறனைச் சோதித்தறியும் வரை ஒரு மிடறு நீரும், வாய்வழி மருந்தும் தருதல் ஆகாது. காய்ச்சி வடிகட்டிய தூய நீரேயாயினும் செல்லும் வழி தவறினால் உயிர்க்கு ஊறாம். சோதித்தபின், பயிற்சியாளர் கூறிய பதத்தில், நிமிர்ந்து அமரச் செய்து, சிறு கரண்டியால் ஊட்டுவோம். ஒரு வாய் இறங்கியபின் மறுவாய் தருவோம். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடலாகாது. வாயை நாள்தோறும் தூய்மை செய்வோம். முனிவர்க்கு உரைத்த பாஷா சமிதியும் ஏஷணா சமிதியும் சொல்லிலும் உணவிலும் விழிப்பையே வேண்டுகின்றன. இல்லறத்தார்க்கு அவ்விழிப்பு நோயாளியின் கட்டிலருகே தேவையாகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. விழுங்க மாட்டாது உணவு விலக்குவோரைக் கண்டு, "சல்லேகனை மேற்கொண்டுவிட்டார், குழாய் வேண்டா" என்று முடிவுசெய்துவிடலாகாது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டகத்தில் சல்லேகனைக்கு உரிய காலமாகக் கூறுவது, மாற்றுவழி அற்ற இடர் வந்த காலமே. அது தெளிந்த அறிவோடு, பகை நீக்கி, தானே விரும்பி ஏற்கும் விரதம். நோயினால் தொண்டை இயங்காமை விரதம் ஆகாது. பலர்க்கு விழுங்கும் திறன் சில வாரங்களில் மீள்கிறது. அதுவரை மூக்குவழிக் குழாயால் உணவளிப்பது அறத்திற்கு மாறன்று. பகற்பொழுதிற்குள் உணவு அமையுமாறு மருத்துவரிடம் வேண்டலாம்; இயலாதாயின் உயிர்காத்தலே முதன்மை. அட்டமி, சதுர்த்தசி நோன்பும் ஆற்றலுக்குத் தக்கதே என்பதைப் பதினாறு பாவனைகளுள் ஒன்றே உணர்த்துகிறது.

முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். அடைப்பினால் வந்ததாயின், அடைப்பைக் கரைக்கும் மருந்தினைத் தகுதியுடையோர்க்குப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். பரிகாரங்களில் பொழுது கழிப்பது தகாது.

நோயுற்றோர்க்குப் பணிபுரியும் வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக நம் ஆசாரியர்கள் வைத்துள்ளனர். உண்ணாதிருத்தல் புறத்தவம்; உண்ண இயலாதவர்க்குப் பொறுமையுடன் ஊட்டுதல் அகத்தவம். அடுத்த அட்டமியன்று, பேச்சிழந்த பெரியவர் ஒருவர் அருகே ஒரு நாழிகை அமர்ந்து, அவர் சொல்ல முயல்வதைக் கேட்டு வருவோமாக.

வாழ்க அருகனறம்!