முந்தி வந்தவர் யார்?

சவளக்கடை வயல்களின் வண்டலுக்கு அடியில் கிடக்கும் பாறை ஏறக்குறைய 100 கோடி ஆண்டுப் பழமையுடையது. கிழக்கிலங்கையின் அப்பாறை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. ஆதலின் அதில் உயிர்ச்சுவடு எதுவும் இல்லை. அதன்மேல் நின்றுகொண்டுதான், ‘இம்மண்ணுக்கு முந்தி வந்தவர் யார்? தமிழரா, முஸ்லிம்களா, சிங்களவரா?’ என்று நாம் வழக்காடுகின்றோம். கல்வெட்டையும் கர்ணபரம்பரைக் கதையையும் சாட்சிக்கு அழைக்கின்றோம். அவற்றினும் மூத்த சாட்சி ஒன்று தீவின் மேற்கிலே உண்டு. அதனையும் விசாரிப்போம்.

புத்தளத்துக்குக் கிழக்கே, தப்போவக் குளத்தை அடுத்து, மணற்கல்லும் மாக்கல்லும் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கின்றன. டைனோசர்கள் உலகில் உலவிய யுறாசிக் காலத்துப் படிவுகள் அவை. நிலம் பிளந்து கீழிறங்கிய பள்ளத்திலே கிடந்தமையால் அரிப்புக்குத் தப்பின. அங்கு கிடைத்த இலைச்சுவடுகளை 1922இல் சீவாட், ஹோல்ற்றம் என்னும் தாவரவியலாளர் இருவர் விவரித்தெழுதினர். அவற்றுள் ஒன்றான தைலோபில்லம் இந்தியாவின் ராஜ்மகால் குன்றுகளிலும் கிடைக்கின்றது. அன்று இலங்கை ஒரு தீவன்று. இந்தியாவோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிக்கிடந்த கொண்டுவானாப் பெருநிலத்தின் ஒரு துண்டு.

இச்சாட்சி கூறுவது யாது? பழமையே உரிமையாயின், இத்தீவு அந்த இலைக்கே உரியது. மனிதர் எவருக்கும் உரியதன்று. 14 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் முன்னே நாம் பெருமையடிக்கும் ஆயிரமும் ஈராயிரமும் எம்மாத்திரம்?

ஆனால், இவ்வாதத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘பழமைக்கு மதிப்பில்லையெனின், நேற்றுவரை இருந்தவனை இன்று எழுப்பிவிடலாமே’ என்று ஆக்கிரமிப்பாளன் மகிழக்கூடும். அவனுக்கும் புத்தளத்திலேயே விடை இருக்கின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பல்லாயிரவர் அங்கேதான் அகதிகளாய்த் தங்கினர். அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதற்கு, அவர்தம் மூதாதையர் எந்த நூற்றாண்டில் வந்தனர் என்று நாம் தேட வேண்டுமா? உயிரோடிருந்த மனிதரின் வீடும் கிணறும் தொழிலும் அயலவர் உறவும் பறிக்கப்பட்டன. வந்த ஆண்டு எதுவாயினும் அக்கொடுமை கொடுமையே.

ஆகவே, உரிமையின் வேரை வந்த நாளில் தேடுதல் வீண். அது வாழ்ந்த வாழ்விலும் சிந்திய உழைப்பிலும் இருக்கின்றது. இவ்வளவுகோலை ஏற்பின், இனங்களுக்கிடையிலான வழக்கோடு அது நிற்காது. போடியாரின் உறுதிக்கும் வயற்காரனின் கைகளுக்கும் இடையிலுள்ள வழக்கையும் அதே கோலால் அளக்க வேண்டிவரும். முந்தி வந்தவர் யார் என்ற கேள்வியை ஓயாது எழுப்புவோர், உழுபவர் யார் என்ற கேள்வியை விரும்பாததன் காரணம் இதுவே.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் முதற் பாடத்தை அரசர் பட்டியலில் தொடங்காது, தப்போவ இலையில் தொடங்குவார்களாக. அடுத்த பாடத்துக்குச் சவளக்கடை வயல்வரம்புக்கே மாணவரை அழைத்துச் செல்லலாம்.