பேரனை முன்னால் நிறுத்தி

1977-ல் வந்த ‘அவர்கள்’ படத்தில் சுஜாதா, ரஜினிகாந்தின் மனைவி. 2002-ல் ‘பாபா’வில் அதே ரஜினிக்கு அம்மா. ரஜினியைவிட இரண்டு வயது இளையவர் சுஜாதா! தியேட்டரில் யாருக்கும் அது உறுத்தவில்லை, எனக்கும்தான். வீட்டிலும் நாம் அப்படித்தானே? கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்தால் அம்மாவின் கதையும் முடிந்ததாகவே வைத்துக்கொள்கிறோம்.

நடிகை பூர்ணா ஜெகந்நாதனுக்கு அங்கேதான் கதையே தொடங்கியது. இந்தியத் தூதரக அதிகாரியின் மகள், துனிசில் பிறந்தவர், தமிழ் பேசுபவர். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். ‘டெல்லி பெல்லி’ வந்தபோதே (2011) நாற்பதை நெருங்கிவிட்டார். பெயர் வாங்கிக் கொடுத்தவை அம்மா வேடங்கள்: ‘தி நைட் ஆஃப்’ தொடரில் (2016) கொலைப்பழி சுமந்த மகனின் தாய், 2020-ல் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் தோல் டாக்டர் நளினி. அந்த நளினி கணவனை இழந்தவள். மகளிடம் எரிந்து விழுவாள், கிளினிக்கையும் விடமாட்டாள், இன்னொரு டாக்டர்மேல் ஆசையும் வைப்பாள். தொடர் முடியும்போது கல்யாணம் நடப்பது பதின்வயது மகளுக்கல்ல, நளினியின் மாமியாருக்கு! 2025-ல் வந்த ‘டெலி பாய்ஸ்’ தொடரில் பூர்ணா ரவுடிக் கும்பலோடு மல்லுக்கட்டும் லக்கி ஆன்ட்டி. ஐம்பது தாண்டியவருக்கு நம்மூரில் இப்படி எழுதுவார்களா?

எழுதாவிட்டால் என்ன, நான் வேலை பார்க்கும் ஜமுனாமரத்தூரில், சாமை உமி நீக்கும் மில்லில் அப்படி ஓர் அக்கா இருக்கிறார். புருவமெல்லாம் உமித்தூள் படிந்திருக்கும். கடைசிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு, பள்ளி மைதானத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டப் பழகினார். ஜவ்வாது மலை வளைவுகளில் அந்த வண்டியை ஏற்றி இறக்குவது லேசான காரியமில்லை.

“பேரன் எடுக்கிற வயசுல வண்டி கேக்குதா?” என்றார் டீக்கடைக்காரர்.

“பேரன் பொறந்தா ஏத்திக்கிட்டுப் போக ஆள் வேணாமா?” என்று அக்கா திருப்பிக் கொடுத்தார்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் வேறு மாதிரி உறைத்தது. ‘ஓட்டணும்னு ஆசையா இருந்துச்சு’ என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. பிறக்காத பேரனை முன்னால் நிறுத்தித்தான் தன் ஆசைக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பெண்கள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். நான் தையல் மெஷின் வாங்கியதுகூட மகளின் பெயரைச் சொல்லித்தான்.

இப்போது அக்கா சாமை மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, காவலூர் வழியாக ஆலங்காயம் வரை தனியாகப் போய் வருகிறார். பேரன் இன்னும் பிறக்கவில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரை வாங்கிவரச் சொல்லி அவரிடம்தான் காசு கொடுத்தனுப்புகிறார்.