விளிம்பில் உறங்குவோர்

கோடியக்கரையின் சேற்றுப் பரப்பில் குளிர்காலக் காலைப்பொழுதில் நின்றோர் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். கையளவே உள்ள உள்ளான் ஒன்று ஒற்றைக் காலில் நிற்கும். நாம் அணுகினால் உடனே பறவாது. அந்த ஒரு காலாலேயே தத்தித் தத்தி விலகும். 'ஐயோ, முடப்பறவை!' என நம் நெஞ்சம் கசியும். மேலும் நெருங்கினால், வயிற்று இறகுக்குள் மறைந்திருந்த மற்றொரு கால் வெளிப்படும், பறவை பறந்துவிடும். நம் இரக்கம் அதன் ஓய்வைக் கெடுத்ததே மிச்சம்.

கொக்கின் ஒடுக்கத்தை வள்ளுவர் காலமறிதலுக்கு உவமையாக்கினார். அது இரைக்கான காத்திருப்பு. உள்ளானின் நிலையோ ஓய்வு. இறகில்லாக் கால்களின் வழியே உடற்சூடு வெளியேறும். ஒரு காலை மடக்கி வைப்பது அதனைக் குறைக்கும். சைபீரியாவின் வடகோடியில் பிறந்து, சுமார் 25 கிராம் எடையோடு நம் கரைக்கு வலசை வரும் கொசு உள்ளானுக்கு ஓய்வு என்பது சோம்பல் அன்று. திரும்பிச் செல்வதற்கான முதல். 1967இல் கோடியக்கரை சரணாலயமாக்கப்பட்டதன் பயன்களுள் இவ்வோய்விடம் காக்கப்பட்டதும் ஒன்றாகும்.

பறவை உறக்கத்தில் இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பறவைகள் பலவற்றால் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் திறந்தவாறு, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட முடியும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாத்துகளை வரிசையாக உறங்கவைத்து ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்ணும் மூடி உறங்கின. விளிம்பில் இருந்தவையோ அரைத்துயிலையே மிகுதியாக மேற்கொண்டன. அவற்றின் திறந்த கண் கூட்டத்தை நோக்கவில்லை. ஆபத்து வரக்கூடிய வெளிப்புறத்தையே நோக்கியது.

இங்கு ஒரு வினா எழுகிறது. விளிம்பிலுள்ள வாத்து தன்னுயிரைக் காக்கவே விழித்திருக்கிறது, பிறர்க்காக அன்று. அவ்வாறாயின் நடுவில் உறங்கும் வாத்து அதற்குக் கடன்பட்டதாகுமா? எண்ணமில்லாச் செயல் அறமாகாது என்பர் சிலர். ஒருவனுடைய அறத்தை அளக்க அவனது எண்ணத்தைப் பார்ப்பது முறையே. ஆனால் நம் கடனை அளக்க, நாம் பெற்ற நலத்தையன்றோ பார்க்கவேண்டும்?

1809இல் பெங்களூரில் படைமுகாம் அமைந்த காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இந்நகருக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் முதலில் வந்தவர் ஒருவர் உண்டு. மொழி புதிது; தெரு புதிது; வீடும் வாடகை வீடு. என் தந்தையார் கதவருகேதான் பாய் விரிப்பார். சிறு ஓசை கேட்டாலும் 'யாரது?' என்பார். பிள்ளைகளாகிய நாங்கள் நகைத்துவிட்டு, உள்ளே மீண்டும் உறங்கிப்போவோம். 'உங்களுக்காகவே விழித்திருக்கிறேன்' என்று அவர் ஒருநாளும் கூறியதில்லை. அவ்வாறு அவர் எண்ணினாரா என்பதையும் அறியேன். எனினும், எங்கள் ஆழ்ந்த உறக்கம் அவருடைய அரைத்துயிலிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

வாத்துக்குத் தான் நடுவில் இருக்கும் பேறு தெரியாது. மனிதனுக்குத் தெரியும், தெரிந்தபின் இடம் மாறிக்கொள்ளவும் இயலும். அதுவே நம் கடனைத் தீர்க்கும் வழி. குடும்பத்தில் மட்டுமன்று; நாம் உறங்கும் வேளையில் வாயிற்காவலரும் மருத்துவமனைச் செவிலியரும் விழித்திருக்கின்றனர். அவர்கள் ஊதியம் பெறுகின்றனர் என்பதால் கடன் முழுதும் தீர்ந்ததாகாது. பகலில் அவர்கள் கண்ணயரும் நேரத்தையேனும் நாம் கலைக்காதிருத்தல் வேண்டும்.

தந்தையார் முதுமையுற்றபோது அவரை உள்ளறையில் படுக்கச் சொல்லி, நான் கதவருகே பாய் விரித்தேன். பல இரவுகள் அவர் உறங்கவில்லை, உள்ளிருந்தே 'யாரது?' என்றார். 'நான்தான் அப்பா, தூங்குங்கள்' என்பேன். ஒரு திங்கள் கழிந்தபின் ஓர் இரவு அக்குரல் எழவில்லை. எழுந்து சென்று பார்த்தேன். இரு கண்களையும் மூடி அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.