நடையும் தலமும்

தலம் புனிதமானது என்பதனால் மனிதன் அதை நாடி நடக்கிறானா, அன்றி மனிதன் நடந்து நடந்து தேய்த்ததனாலேயே தலம் புனிதமாகிறதா என்னும் வினா, ஸ்தல புராணங்களைப் பக்தியோடும் சிறிது சந்தேகத்தோடும் வாசித்தவர் எவருக்கும் எழுவதுண்டு. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்வாசியான எனக்கு அது பாரிஸ் மாநகரத்தை முதன்முதலாக நடந்து பார்த்த தினத்தில் எழுந்தது.

தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொங்கும் லா ஷப்பேல் வட்டாரத்து மளிகைக் கடைகளைத் தாண்டித் தெற்கு நோக்கி நடந்தால், புனித தெனியின் பெயர் தாங்கிய வீதிகள் செயின் நதிக்கரை வரையில் அழைத்துச் செல்கின்றன. 1163-இல் கட்டத் தொடங்கி, 2019-இல் தீப்பற்றி, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர-தாம் பேராலயத்தின் மேற்கு முகப்பில், இடப்புற வாயிலண்டை, அந்தத் தெனியே தம் தலையைத் தாமே இரு கைகளிலும் ஏந்தி நிற்கிறார். மோன்மார்த்ர் குன்றில் சிரச்சேதம் செய்யப்பட்ட அவர், விழுந்த தலையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்து சென்று வீழ்ந்த இடமே பிற்காலத்தில் பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைக் கோயிலாயிற்று என்பது ஐதிகம்.

காரைக்கால் அம்மையாரை அறிந்தவர்களுக்கு இது அதிசயமன்று. கயிலையைக் காலால் மிதித்தல் தகாதென்று தலையாலேயே நடந்தவர் அவர். ஆயினும் இரண்டும் ஒரே சித்தாந்தமல்ல: தெனி வீழ்ந்ததனால் தரை புனிதமாயிற்று, அம்மையாருக்கோ மலை முன்னமே புனிதமாயிருந்தது, நாணியது பாதமே. இவ்விரண்டுக்கும் அப்பால், கயிலையை நாடிச் சென்று, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்தபின், பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி கண்ட அப்பரின் சரிதம் நிற்கிறது. நடை அவரைக் கயிலையில் சேர்க்கவில்லை. ஆனால் நடவாமல் திருவையாற்றிலேயே இருந்திருப்பாராயின் அக்காட்சி கிடைத்திருக்குமா? பெரியபுராணம் தரும் இவ்விடையே எனக்கு உவப்பானது.

பேராலய வாசலில் என் கை காலணியைக் கழற்றப் போய்விட்டது. சுற்றிலும் ஆடவர் தொப்பியை மட்டும் கழற்றிக்கொண்டு காலணிகளோடே உள்ளே சென்றனர். அந்த உயர்ந்த கூரையின் கீழ் எனக்கு உண்டானது வியப்பே. அதைப் பக்தியென்று பெயர் மாற்றிச் சொல்லும் யாத்திரைக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. 2011-இல் ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதை வழியாகப் புக்கிட் தீமாவின் முருகன் கோயிலுக்கு நடக்கையில் எனக்கு எந்த வியப்பும் தோன்றுவதில்லை, எனினும் சந்நிதியில் கைகள் தாமே குவிகின்றன. வியப்பு முதல் நாளிலேயே வந்துவிடும். பக்திக்கோ பழக்கம் வேண்டும்.

இலங்கையின் கலவரத்திலும் போரிலும் ஊரிழந்து பாரிஸ் சேர்ந்த தமிழர் இதை என்னைவிட நன்கறிவர். 1985-இல் அவர்கள் மத்தியில் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் அதே லா ஷப்பேல் வீதிகளில் ஆண்டுதோறும் வலம் வருகிறது. நடுவீதியில் தேங்காய்கள் சிதறுகின்றன. எந்த ஸ்தல புராணத்திலும் இடம்பெறாத வீதிகள் அவை. ஆகஸ்டு இறுதியில் பாரிஸ் செல்லும் வாசகர், ஈஃபிள் கோபுரத்துக்கு ஒதுக்கிய ஒரு பொழுதைக் குறைத்துக்கொண்டேனும், அந்தத் தேரின் பின்னே சிறிது தூரம் நடந்து வருவாராக.