முருகனுக்குச் சொன்னதும் அக்காவுக்குச் சொன்னதும்

முருகா சரணம். 

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி சித்தி பொண்ணு போன் பண்ணினாள். இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறாள். "அண்ணா, காலேஜ்ல ஒரு சார்கிட்ட சம்மர் முழுக்க அவரோட ப்ராஜெக்ட்ல இருக்கேன்னு சொல்லிட்டேன். இப்போ பெங்களூர்ல இன்டர்ன்ஷிப் வந்திருக்கு. எதை விடட்டும்? எம்எஸ் அப்ளை பண்ணும்போது எது வெயிட்டா இருக்கும்?"

எது வெயிட் என்று சொல்ல நூறு யூடியூப் சேனல் இருக்கு. அவள் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது வாழை இலை. சரியாச் சொன்னா 1,140 வாழை இலை. அந்தக் கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் மூணாவது வருஷம் படிக்கும்போது எங்கள் டிபார்ட்மென்ட் மேடம் ஒருத்தரிடம் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வாழை இலையின் போட்டோவைப் பார்த்து என்ன நோய் என்று சொல்கிற ப்ரோக்ராம். மேடமிடம் பிஹெச்டி பண்ணிக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் அதில் முழு நேரம். தோட்டம் தோட்டமாகப் போய் 4,000 போட்டோ எடுத்து வைத்திருந்தார். அது ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து பார்த்து, இது சிகடோகா இலைப்புள்ளி, இது பொட்டாஷ் சத்துக் குறைவால் ஓரம் காய்ந்தது, இது நல்ல இலை என்று லேபிள் போட வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி பழுப்பாகத்தான் தெரியும். அதனால் ஒருத்தர் போட்டால் போதாது. ரெண்டு பேர் தனித்தனியாக, ஒருத்தர் போட்டதை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். அப்புறம் ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று ஒரு கணக்கு, கோஹன் காப்பா என்பார்கள். அது நன்றாக வந்தால்தான் அந்த டேட்டாவை மற்றவர்கள் நம்புவார்கள்.

முதல் ஆள் அக்கா. ரெண்டாவது ஆள் நான்.

வாழை மேல் பாசம் வந்து நான் அங்கே போகலை. அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணினால் பெரும்பாலும் மூணு சிபாரிசு லெட்டர் கேட்பார்கள், அதில் ஒன்றாவது ரிசர்ச் செய்த இடத்தில் இருந்து வரணும் என்று ஒரு சீனியர் சொன்னார். அதற்காகப் போனேன். அப்படிப் போனது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணலை. அரியர் க்ளியர் ஆகணும்னு முதல் தடவை பழனி மலை ஏறினவங்கதானே நம்மில் பாதிப் பேர்? காரியத்துக்காகப் போய் அப்புறம் மனசு ஒட்டிக்கிறது உண்டு. எனக்கும் அந்த லேப் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

ஜனவரியில் மேடம் கேட்டார்: "மே, ஜூன் ரெண்டு மாசமும் இருப்பியாப்பா?"

"இருக்கேன் மேடம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி அக்கா ஜூலை டெட்லைன் ஒன்றைக் குறித்துக்கொண்டார்.

அதே நேரத்தில் நான் ஆறு இன்டர்ன்ஷிப்புக்கும் அப்ளை பண்ணியிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். பிப்ரவரியில் கேட், ஒரு பக்கம் ஜிஆர்இ வொர்ட்லிஸ்ட், அறிவியல் அகாடமிகள் நடத்தும் சம்மர் ஃபெலோஷிப், பிளேஸ்மென்ட் ட்ரெயினிங். எல்லா இடத்துக்கும் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டு, எது முதலில் பதில் தருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மீதியை கேன்சல் பண்ணுவது. இப்போ வேலையில் இதைத்தான் கோடாக எழுதுகிறேன். சர்வருக்கு அது பரவாயில்லை. கேன்சல் பண்ணினால் அதுக்கு ஒண்ணும் ஆகாது.

மார்ச் கடைசியில் ஒரு கம்பெனியில் ரெண்டாவது ரவுண்டு. முதல் நாள் ராத்திரி தூக்கம் வரலை. "முருகா, இது மட்டும் கிடைச்சா தைப்பூசத்துக்கு திண்டுக்கல்ல இருந்து உன் மலைக்கு நடந்தே வரேன்" என்று வேண்டிக்கொண்டேன். கிடைத்தது. மாசம் 25,000 ஸ்டைபெண்ட். அந்த வருஷம் அப்பாவோட மளிகைக் கடை ரொம்ப மோசமாகப் போய்க்கொண்டிருந்தது. ரெண்டு மாசத்தில் 50,000 என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி 11:40க்கு மேடமுக்கு மெயில் அடித்தேன். "எதிர்பாராத காரணங்களால் தொடர முடியவில்லை." ஆறு இடத்தில் நானே அப்ளை பண்ணி, வேண்டுதலும் வைத்து வாங்கினது, எதிர்பாராத காரணமாம். பகலில் லேபுக்குப் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. மேடம் பதில் போடலை. அக்கா மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: "ஓகே தம்பி. ஆல் தி பெஸ்ட்."

நவம்பரில் மறுபடி மேடம் அறைக்குப் போனேன். பல யுனிவர்சிட்டிகளுக்கு டிசம்பரில் கடைசித் தேதி, லெட்டர் வேணும். மேடம் திட்டவே இல்லை. "நீயே ஒரு ட்ராஃப்ட் எழுதிட்டு வா" என்றார். நம்ம ஊர் காலேஜ்களில் இது சகஜம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். தன்னைப் பற்றித் தானே பாராட்டி எழுதி, இன்னொருத்தர் கையெழுத்துக்கு நீட்டுவது. ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். டேட்டாசெட் உருவாக்கியதில் இவர் முக்கியப் பங்கு வகித்தார், எடுத்த பொறுப்பை முடிப்பவர், இன்ன பிற.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எத்தனை படம் லேபிள் பண்ணினே?"

"1,140 மேடம்."

"அப்ப அதையே எழுதேன். 4,000த்துல 1,140."

வெளியே வந்தால் லேப் மூலையில் அக்கா. பேப்பர் என்ன ஆச்சுன்னு கேட்டேன். கோபமே இல்லாமல், ரயில் லேட்டானதைச் சொல்கிற மாதிரி சொன்னார். ரெண்டாவது ஆள் இல்லாமல் கணக்கு போட முடியலை. ஜூனியர் ஒரு பையன் கிடைத்தது ஆகஸ்டில்தான். எது புள்ளி நோய், எது சத்துக் குறைவு என்று அவனுக்குக் கண் பழகவே ஒன்றரை மாசம். ஜூலை டெட்லைன் போச்சு. அடுத்தது ஆறு மாசம் கழிச்சு. அதனால் தீசிஸும் ஒரு செமஸ்டர் தள்ளிப் போகுது. "பரவாயில்ல தம்பி, உனக்கு நல்ல சான்ஸ் கிடைச்சுதுல்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரியில் தைப்பூசம் வந்தது. பச்சை வேட்டி கட்டி, திண்டுக்கல்லில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர் நடந்தேன். ரெண்டாவது நாள் ஒட்டன்சத்திரம் தாண்டினதும் ரெண்டு காலிலும் கொப்புளம் உடைஞ்சிருச்சு. ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும்போது அம்மா போன். "முடியலைன்னா பஸ் ஏறிடு ராஜா, முருகன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டான்." நான் சொன்னேன்: "இல்லம்மா. சொன்னது சொன்னதுதான்."

சொல்லி வாயை மூடும் முன்னாடியே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதே வருஷம் இன்னொரு இடத்திலும் சொன்னேனே, "இருக்கேன் மேடம்" என்று. அங்கே அது ஏன் சொன்னது சொன்னதாக இல்லை?

மலை ஏறினேன், சாமி பார்த்தேன், மொட்டை போட்டேன். ஆனா கேள்வி கூடவே இறங்கி வந்துவிட்டது. முருகனுக்குக் கொடுத்த வாக்கில் ஒரு வருஷம் தாமதம் ஆனால்கூட "அடுத்த தைப்பூசத்துக்கு வரேன்ப்பா" என்று சொல்லிக்கலாம், அவன் காத்திருப்பான், அவனுக்கு நஷ்டம் இல்லை. நஷ்டப்படக் கூடியவர் அக்கா. அங்கே மெயிலோடு முடித்துவிட்டு, நஷ்டமே இல்லாதவனுக்காகக் கால் தேய நடந்திருக்கிறேன். பக்தி என்று நான் நினைத்ததில் எவ்வளவு பயம், எவ்வளவு வியாபாரம் என்று பிரிச்சுப் பார்க்க அன்னைக்குத் தெரியலை. பெரிய இடத்தில் கடன் வைக்கக் கூடாது, சின்ன இடத்தில் வைக்கலாம் என்கிற புத்திதான் அது.

அப்புறம் வேலைக்கு வந்து கொஞ்சம் படித்தேன். கான்ட் 1785ல் எழுதின புத்தகத்தில் ஒரு உதாரணம் வரும். திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருகிறேன் என்று சொல்லிக் கடன் வாங்குகிறவன். ஆஹா, நான் அவன் இல்லைன்னு ஒரு நிம்மதி. சொன்னபோது நிஜமாகவே இருக்கணும்னுதான் நினைத்தேன். ஆனால் ஸ்கேன்லன் என்று ஒரு அமெரிக்கர், 1998ல் வந்த அவர் புத்தகம் அந்த நிம்மதியையும் எடுத்துவிட்டது. (தி குட் பிளேஸ் சீரிஸ் பார்த்தவங்களுக்கு அந்தப் புத்தகம் தெரியும்.) சொன்ன வேளையில் மனசு சுத்தமா இருந்ததா என்பதோடு விஷயம் முடியலை. நம்ம பேச்சை நம்பி இன்னொருத்தர் தன் திட்டத்தை நகர்த்திவிட்டாரா, நகர்த்துவார் என்று தெரிந்தே நாம் சொன்னோமா என்று பார்க்கச் சொல்கிறார். நான் புரிஞ்சுகிட்டது அப்படி. அக்கா நகர்த்தியிருந்தார். எனக்கும் அது தெரியும்.

"கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா ப்ரோ?" என்று கமென்ட் வரும், தெரியும். நியாயம்தான். 2022, 23ல் ஆஃபர் லெட்டரைக் கையில் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் ஜாயினிங் தேதி தராமல் எத்தனை பேரை வீட்டில் உட்கார வைத்தார்கள். அதனால் ஒரு பெரிய கம்பெனிக்குச் சொன்ன "சரி"யும் ஒரு அக்காவுக்குச் சொன்ன "சரி"யும் ஒரே எடை என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு ஹெச்ஆர் இருக்கு, வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு. அக்காவுக்கு நான் ஒருத்தன்தான். ஆனா நாம செய்றது என்ன? கம்பெனி மெயிலுக்கு அஞ்சு நிமிஷத்தில் பதில். நம்மை நம்பின ஆளுக்கு ராத்திரி 11:40.

அமெரிக்க யுனிவர்சிட்டிகள் இதில் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கின்றன. உதவித்தொகையோடு அட்மிஷன் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை முடிவு சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பல யுனிவர்சிட்டிகள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன. பசங்க நாலு இடத்தைப் பார்ப்பாங்க என்று தெரிந்து, யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள். நம்ம லேப்களில் அப்படி ஒரு தேதி கிடையாது. அதனால் "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இருக்கேன் மேடம்" என்று சொல்லிவிடுகிறோம். மறுத்தால் லெட்டர் போயிடுமோன்னு பயம்.

மேடம் கடைசியில் லெட்டரில் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 1974ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று மாணவருக்குத் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்க உரிமை தருகிறது. அப்ளிகேஷனில் அந்த லெட்டரைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று ஒரு கட்டம் இருக்கும். விட்டுக்கொடுத்தால்தான் படிக்கிறவர்கள் லெட்டரை நம்புவார்கள் என்று எல்லாரும் டிக் பண்ணுவோம். நானும் பண்ணினேன். ஒரே ஒரு அட்மிட் வந்தது, உதவித்தொகை இல்லாமல். போகலை. அந்த லெட்டரால் வந்ததா, லெட்டரையும் மீறி வந்ததா, தெரியாது.

சித்தி பொண்ணுகிட்ட நான் "வாக்கு தவறாதே, இன்டர்ன்ஷிப்பை விடு" என்று சொல்லலை. அப்பா கடை கஷ்டத்தில் இருந்தபோது நான் பணத்தை எடுத்தது தப்புன்னு எனக்கே தோணலை, அவளுக்கு எப்படிச் சொல்வேன்? ஒன்றுதான் கேட்டேன். "நீ வரேன்னு சொன்னதை வச்சு அந்த சார் இதுவரைக்கும் என்னென்ன ஏற்பாடு பண்ணியிருக்கார்?" அவளுக்குத் தெரியலை. திங்கட்கிழமை நேரில் போய்க் கேளு, ஆஃபர் வந்ததையும் சொல்லு, ஒருவேளை போறதா இருந்தா உன் இடத்துக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, உனக்குத் தெரிஞ்சதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போ என்றேன். "சார் திட்டுவாரேண்ணா." திட்டட்டும். திட்டு வாங்குற அளவுக்காவது நாம அங்கே இருக்கணும்ல.

அவளுக்கு இவ்வளவு சொல்லிவிட்டு, நான் அக்காவிடம் இன்னும் ஒரு மன்னிப்புகூடக் கேட்கலை என்பது உறைச்சது. வருஷா வருஷம் பொங்கல் வாழ்த்து மட்டும் போகும். அவர் இப்போ வேறொரு காலேஜில் அசிஸ்டன்ட் ப்ரொஃபசர். இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னாடி அவருக்கு அனுப்பினேன். "அக்கா, போடலாமா? அப்புறம், சாரி. ரொம்ப லேட்டான சாரி."

மத்தியானம் வரைக்கும் ரெண்டு ப்ளூ டிக் மட்டும். சாயங்காலம் பதில் வந்தது:

"போடு தம்பி. ஆனா 1,140 இல்ல, 1,136. நாலு படம் ப்ளர், நான் தூக்கிட்டேன்."

வேலும் மயிலும் துணை.