வண்டுக் காரும் நாகசேனரின் தேரும்

வொக்ஸ்வாகன் பீட்டிலின் பின் இருக்கையைத் தூக்கினால் இரண்டு சங்கதிகள் கண்ணில் படும். வலப்பக்கம் பற்றரி. நடுவே, முதுகெலும்பு போல முன்னும் பின்னுமாக ஓடும் இரும்புக் கூடு; அதன் மேல் செஸி இலக்கம் அடிக்கப்பட்டிருக்கும். பற்றரியிலிருந்து கசியும் அமிலமும் விரிப்புக்கு அடியில் தேங்கும் ஈரமும் சேர்ந்து முதலில் அரிப்பது வலப்பக்கத் தளத் தகட்டைத்தான். மழையும் பனிமூட்டமும் விட்டுவிலகாத ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் இந்த அரிப்புக்கு வேகம் அதிகம். டிங்கரிங் பாஸ் துருவேறிய தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பார். சில வருடங்களில் இடப்பக்கமும் போகும். பிறகு மட்கார்ட், கதவு, எஞ்சின். கடைசியில் பழையதென்று மிஞ்சுவது இலக்கம் அடித்த ஒரு சாண் இரும்பு. அப்படி நிற்பது அதே கார்தானா?

கேள்வி மிகப் பழையது. கிரேக்கர் இதைத் தீசியசின் கப்பலை வைத்துக் கேட்டார்கள்: பலகைகள் எல்லாம் மாறிய பின் அது எந்தக் கப்பல்? 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் ஒரு முடிச்சைக் கூடப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது அசல்? இரண்டு உடைந்த கார்களை வெட்டி ஒன்றாக ஒட்டும் எந்தக் கராஜிலும் இதே கேள்வி, ஹொப்ஸின் பெயர் தெரியாமலே, எழுவதுண்டு.

பௌத்த மரபில் இதன் உதாரணம் தேர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மெனாந்தர், பாளி நூலான மிலிந்த பஞ்ஹவில் மிலிந்தன் என்ற பெயரில் வருகிறான். தேரில் வந்திறங்கிய அவனை நாகசேன தேரர் மடக்குகிறார். அச்சு தேரா? இல்லை. சக்கரம்? இல்லை. நுகம், கடிவாளம்? இல்லை. எல்லாம் கூடினாலும் கூடாவிட்டாலும் ‘தேர்’ என்று தனியே ஒரு பொருள் கிடையாது. பாகங்களைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் அது. இந்நூல் கண்டி இராச்சியக் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், சிங்களத்துக்கும் வந்தது.

நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர் இதை ஏற்கவில்லை. பாகங்களுக்கு மேலாக ‘அவயவி’ என்ற முழுப்பொருள் உண்டு என்பது அவர்கள் கட்சி. ஆனால் பாகம் ஒன்று நீங்கினாலே பழைய முழுப்பொருள் அழிந்து புதியது பிறக்கும் என்றும் சொன்னார்கள். அந்தக் கணக்கில் ஒரு கதவைக் கழற்றி மாட்டுவதற்குள் கார் இரண்டு முறை பிறந்துவிடும். தருக்கம் பழுதில்லை; வரி அறவிடுகிறவனுக்கு மட்டும் உதவாது. சைவ சித்தாந்தமோ ஒரு காரியத்துக்கு மூன்று காரணம் காட்டும்: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். பீட்டிலின் வரலாற்றை இந்த மூன்றோடும் ஒட்டிப் பார்த்தால் விடயம் தெளிவாகும்.

1934இல் மலிவான மக்கள் கார் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு பேர்டினண்ட் போர்ஷேயிடம் ஒப்படைக்கப்பட்டது. 1938 மே மாதம், பின்னர் வொல்ஃப்ஸ்பேர்க் எனப் பெயர் பெற்ற இடத்தில், ஹிட்லர் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். எஞ்சின் 985 சிசி. போர் வந்ததும் அதே அடிச்சட்டத்தின் மேல் இராணுவ வண்டிகள் ஏறின. போருக்குப் பின் பிரித்தானிய அதிகாரி மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட் ஆலையை மீட்டெடுக்க, 1945 டிசம்பரில் முறையான உற்பத்தி தொடங்கியது. 1948இல் ஹைன்ஸ் நோர்ட்ஹோஃப் தலைவரானார். அவருடைய வழி புதுக் கார் செய்வதல்ல, இருப்பதை ஓயாமல் திருத்துவது. இரண்டாகப் பிளந்திருந்த பின் கண்ணாடி 1953இல் ஒற்றை முட்டை வடிவமானது. 1957இல் அகன்ற செவ்வகமானது. எஞ்சின் 1131 சிசியிலிருந்து 1954இல் 1192 ஆகி, பின் 1300, 1500, 1600 என்று வளர்ந்தது. 6 வோல்ற் 12 ஆனது. கார்மான் ஆலை 1949 முதல் திறந்த கூரை வண்டியையும், 1955 முதல் கார்மான் கியாவையும் கட்டியது. 1970இல் வந்த 1302 முன்சக்கரத் தொங்கலையே மாற்றியது. 1972இன் 1303இல் முன் கண்ணாடியும் வளைந்தது.

அவ்வாண்டு பெப்ரவரி 17ஆந் திகதி 15,007,034ஆவது பீட்டில் வெளிவந்து போர்ட் ‘ரி’ மொடலின் சாதனையை முறியடித்தது. 1978இல் ஜேர்மனியில் மூடிய கூரைப் பீட்டிலின் உற்பத்தி முடிந்தாலும் மெக்சிக்கோவின் புவேப்லா ஆலை நிறுத்தவில்லை. கடைசி வண்டி 2003 ஜூலை 30ஆந் திகதி வந்தது. அதன் வரிசை இலக்கம் 21,529,464. அதில் 1.6 லீற்றர் எஞ்சின், மின்னணு எரிபொருள் செலுத்தி. 1938ஆம் ஆண்டுக் காரில் கழற்றி இதில் பூட்ட ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் எஞ்சின் பின்னாலேயே இருந்தது, நான்கு சிலிண்டர்கள் எதிரெதிராகவே படுத்திருந்தன, காற்றே அதைக் குளிர்வித்தது, முன் பின் சக்கர இடைவெளி 2,400 மில்லிமீற்றராகவே நின்றது. இரும்பு மாறியது, அச்சுகள் மாறின, ஆலையும் கண்டமும் மாறின. குயவனின் மனத்தில் இருந்த குடம் மட்டும் மாறவில்லை.

மலைநாட்டுக்கு அந்தக் குடம் தோதாக அமைந்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். இறம்பொடை வளைவுகளில் மற்றக் கார்கள் ரேடியேற்றர் கொதித்து ஒதுங்கி நிற்க, ரேடியேற்றரே இல்லாத கார் ஏறிப் போகும். பின் சக்கரங்களின் மேல் எஞ்சினின் பாரம் இருப்பதால் ஈரத் தோட்டப் பாதையிலும் பிடிமானம் குறையாது. காற்று கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு மெலிந்திருப்பதால் வலு குறைவதென்னவோ உண்மை.

வடிவே அடையாளம் என்று இத்தோடு முடித்துவிடலாம் போலத் தோன்றும். புவேப்லா அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1990களின் இறுதியில் அதே ஆலையில் ‘நியூ பீட்டில்’ வந்தது. வளைந்த கூரை அப்படியே. உள்ளே கோல்ஃப் காரின் அடித்தளம், முன்னால் எஞ்சின், தண்ணீரால் குளிர்விப்பு. சில ஆண்டுகள் இரண்டும் ஒரே ஆலையில் உருண்டன. பழைய பீட்டில் வைத்திருப்பவர் யாரும் புதியதைத் தம் காரின் தொடர்ச்சி என்று எளிதில் ஒப்புவதில்லை. மறுபக்கம், 1974இல் வந்த கோல்ஃப் கம்பனிக்குள் பீட்டிலின் நேர் வாரிசு. அதையும் யாரும் பீட்டில் என்று அழைக்கவில்லை. ஒன்றுக்கு உருவம் இருந்தது, வம்சம் இல்லை. மற்றதற்கு வம்சம் இருந்தது, உருவம் இல்லை. ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி வேண்டும் போலிருக்கிறது.

தொடர்ச்சி என்றால் வினையும் கூடவே வரும். மக்கள் கார் வாங்க வாரத்துக்கு 5 மார்க் கட்டி முத்திரை ஒட்டியவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் ஆலையில் கட்டாய உழைப்பாளர்கள் வதைபட்டார்கள். போருக்குப் பின் எழுந்த நிறுவனம், பணம் தன்னிடம் வரவில்லை, கடன் தன்னுடையதல்ல என்று வழக்காடியது. 1961இல்தான் சமரசம்: புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை கழிவு, இல்லையேல் 100 மார்க் ரொக்கம். கட்டாய உழைப்பாளருக்கான நிதி 1998 வரை காத்திருந்தது. நாகசேனர் இதற்கும் உதாரணம் வைத்திருந்தார். மாம்பழம் திருடியவன், ‘நீ நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம்’ என்று தப்ப முடியாது. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது. தேரைப் பாகம் பாகமாகக் கழற்றி ஒன்றுமில்லை என்றவரே பழி மட்டும் தொடரும் என்கிறார். அவருடைய வாதத்தில் இதுவே வலுவான இடம்.

இலங்கையில் 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த கார்களை லேத்துப் பட்டறைகள்தான் உயிரோடு வைத்திருந்தன. கழற்றியது, கடைந்தது, கடன் வாங்கியது என்று பாகங்கள் கலந்தன. சட்டத்துக்கு இதெல்லாம் அலட்டிக்கொள்ளும் விடயமல்ல. எஞ்சின் மாறினால் பதிந்துகொண்டால் போதும். செஸி இலக்கம் புத்தகத்தோடு பொருந்தினால் அதே கார். இப்படி ஏட்டைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்கும் வழக்கம் மலையகத்துக்குப் புதிதல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அதே தோட்ட லயத்தில் வாழ்ந்தவர்களிடம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. தொடர்ச்சி கண்ணெதிரே இருந்தது, கடதாசி இருக்கவில்லை. காருக்கு இலக்கம் போதும் என்ற தத்துவம் மனிதருக்குப் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இலக்கத்தைவிட ஆழமான விடை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கிடைக்கும். மரத்தடிக் கல்லும் சூலமுமாகத் தொடங்கி, தகரக் கொட்டிலாகி, கோபுரம் எழும்பிய கோயில்கள் பல. திருப்பணி தொடங்கும்போது பாலஸ்தாபனம் செய்து, மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்வார்கள். சுவர் இடிக்கப்படும், விமானம் புதிதாகும், பின்னமான சிலைகூட மாற்றப்படும். பூசை மட்டும் நிற்காது. கும்பாபிஷேகம் முடிந்ததும் அது புதுக் கோயில் என்று யாரும் சொல்வதில்லை. ஆகமம் அடையாளத்தைக் கல்லிலும் வைக்கவில்லை, வெறும் பெயரிலும் வைக்கவில்லை. இடையறாமல் நடக்கும் வழிபாட்டில் வைத்தது. காருக்கு ஆன்மா கிடையாது, ஆகவே ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. எனினும் ஓட்டியும் திருத்தியும் வந்த கைகளின் தொடர்ச்சி அறுபடாதவரை தகடு மாறிய பீட்டில் அதே பீட்டில்தான் என்ற முடிவுக்கு, நையாயிகரைவிட இக்கோயில் வழக்கமே அருகில் நிற்கிறது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இவ்வளவு தூரம் யோசிப்பதில்லை. மலைநாட்டில் பழைய பீட்டில் வாங்க நினைப்பவர், விலை பேசுமுன் பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.